38 வரி பேட்சை ஏற்பதா, விடுவதா? உறையும் பில் கருவிக்கு மூன்று வழிகள்

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவின் அருகில் நின்றிருந்தேன். நாங்கள் பராமரிக்கும் பில் கருவி உறைந்து போயிருந்தது. திரையில் பாதி பில் தெரிந்தது, தொட்டால் அசைவில்லை, மெமரி கார்டு விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. கையில் இரண்டு கண்டாங்கிச் சேலைகளுடன் நின்ற ஓர் ஆச்சி, "இன்னும் எவ்வளவு நேரமாகும் தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சில நிமிடங்கள் கழித்துக் கருவி தானாகவே உயிர்பெற்றது. அதற்குள் கடைக்காரர் பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கிவிட்டார்.

நோய் எங்கே என்பதை அந்த விளக்கே சொல்லிவிட்டது. கருவியில் இருப்பது 1 ஜிபி நினைவகம், நான்கு கோர் ஆர்ம் சிபியூ, லினக்ஸ் 5.15 கர்னல் (கருவியின் நினைவகத்தையும் பாகங்களையும் ஆளும் மைய நிரல்). நினைவகம் நிறைந்தால் தரவை ஒதுக்கி வைக்க உதவும் ஸ்வாப் கிடையாது. கர்னல் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறது. அவற்றில் ஒரு வகை கோப்புப் பக்கங்கள்: கார்டில் இருக்கும் கோப்பின் நகல்கள். இடம் வேண்டுமென்றால் இவற்றைத் தூக்கி எறியலாம், பிறகு கார்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, ஓடும் நிரல் தனக்காக உருவாக்கிக்கொள்ளும் தரவுப் பக்கங்கள். இவற்றுக்கு வேறெங்கும் நகல் இல்லை. ஸ்வாப் இல்லாத கருவியில் இவற்றை அசைக்கவே முடியாது. ஆகவே நெருக்கடி வரும்போது சுமை முழுவதும் கோப்புப் பக்கங்கள் மீது விழுகிறது. பில் நிரலின் சொந்தக் கட்டளைகளும் கோப்புப் பக்கங்களில்தான் இருக்கின்றன. கர்னல் அவற்றை எறிகிறது. அடுத்த நொடி நிரல் அவற்றையே கேட்கிறது. கார்டிலிருந்து படித்து வைக்க இடமில்லாமல் கர்னல் இன்னொரு பக்கத்தை எறிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு பக்கம் கிடைப்பதால், வேலை நடக்கிறது என்றே கர்னல் நம்புகிறது. நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லர் எழுந்திருப்பதே இல்லை.

தீபாவளிக் கூட்டம் தொடங்க ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. எங்கள் குழுவின் தேவகோட்டைத் தம்பி எழுதிய கர்னல் பேட்சை, அதாவது கர்னலின் நிரல் வரிகளில் செய்த சிறு மாற்றத்தை, சரிபார்த்து ஏற்பது ஒன்று. கர்னலைத் தொடாமல், தரவைச் சுருக்கி வைக்கும் ஸ்ராமும் நெருக்கடியைக் கவனிக்கும் ஒரு காவல் நிரலும் வைப்பது மற்றொன்று. கர்னலையே 6.6 பதிப்புக்கு மாற்றி, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்துவது மூன்றாவது. இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் மூன்றையும் நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன்.

பேட்சிலிருந்து தொடங்குகிறேன். நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது.

தம்பியின் எண்ணம் நல்ல எண்ணம். கோப்புப் பக்கங்களுக்கு ஒரு தரைமட்டம் வைப்பது. அந்த அளவுக்குக் கீழே போனால் கர்னல் அவற்றைத் தொடக்கூடாது. எறிய எதுவும் இல்லையென்றால் ஓஓஎம் கில்லர் வரும், ஒரு நிரல் போகும், கருவி உடனே மூச்சுவிடும். இது புதுக் கற்பனையும் அல்ல. குரோம் ஓஎஸ் பொறியாளர்கள் 2010-லேயே இதே போன்ற ஒரு தரைமட்டத்தை முன்மொழிந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கர்னலில் அது சேரவில்லை. தம்பி கொண்டுவந்தது பக்க மீட்பு நடக்கும் ஒரே கோப்பில் 38 வரி மாற்றம். "அண்ணே, சின்னதுதான். மதியத்துக்குள் பார்த்துவிடலாம்" என்றான். செக்காலையில் எங்கள் மாடி அறையில் அதைப் பார்க்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

முதல் நாளில் கண்ணில் பட்டவை எளியவை. தரைமட்டத்தைக் கிலோபைட்டில் வாங்கி, பக்கக் கணக்குக்கு மாற்ற நான்கால் வகுத்திருந்தான். எங்கள் கருவியில் அது சரி. ஆனால் 64 பிட் ஆர்ம் கர்னலை 16 கிலோபைட், 64 கிலோபைட் பக்கங்களுடனும் கட்டலாம். அப்படிக் கட்டினால் இந்த வகுத்தல் அமைதியாகத் தவறான எண்ணைத் தரும். தரைமட்டத்துக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. அமைக்கும்போது யாராவது கை தவறி ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் எந்தக் கோப்புப் பக்கத்தையும் மீட்க முடியாது. தரைமட்டம் எட்டப்பட்டால் பதிவில் ஒரு வரி அச்சிடும்படியும் எழுதியிருந்தான். எங்கள் கருவியில் அந்தப் பதிவு 115200 பாட் சீரியல் இணைப்பு வழியாகவும் போகிறது. நொடிக்குச் சுமார் 11,500 எழுத்து என்றால், 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிநொடி. நினைவகம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கம் மீட்கும் பாதையின் நடுவில், ஒவ்வொரு சுற்றுக்கும் 7 மில்லிநொடி என்பது தாங்காது.

இவை திருத்தக்கூடியவை. இரண்டாம் நாள் பார்த்தது கொஞ்சம் ஆழமானது. கோப்புப் பக்கங்கள் எத்தனை என்று பேட்ச் கேட்கும் எண்ணிக்கை துல்லியமானதல்ல. ஒவ்வொரு சிபியூவும் தன் மாற்றங்களைத் தன்னிடமே கொஞ்சம் சேர்த்துவைத்து, பிறகுதான் பொதுக்கணக்கில் எழுதுகிறது. ஒரு சிபியூ அப்படி வைத்திருக்கக்கூடிய அளவுக்கு உச்சவரம்பு 125 பக்கம். சிறிய கருவியில் அதைவிடக் குறைவு. நான்கு சிபியூ, உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டால்கூட 2 எம்பி அளவுக்குத்தான் பிசகும். தரைமட்டத்தைப் பல பத்து எம்பியில் வைக்கும்போது இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகு. குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டுக் கடந்துபோனோம்.

பிறகுதான் உண்மையான தவறு தெரிந்தது. அது பேட்சில் இல்லை.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில், பர்மாவில் இருந்த கடையிலிருந்து வந்த ஐந்தொகைத் தாள்கள் சில இன்னும் இருக்கின்றன. பாட்டையா ஐந்தொகையைப் பார்க்கும் விதத்தை அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூட்டுத்தொகையை அவர் கடைசியில்தான் பார்ப்பாராம். போன முறை இருந்த பெயர்களைப் பழைய தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை அந்தப் பெயருக்கு என்ன ஆனது என்று தேடுவாராம். வந்த தாளில் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கும், எழுதாமல் விட்டதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வழக்கம். நினைவக நிரலைச் சரிபார்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் பேட்ச் என்பது மாறிய வரிகளை மட்டும் காட்டும் தாள். அந்த வரிகளை நம்பிக்கொண்டிருக்கும் மாறாத வரிகள் அதில் தெரியாது.

அப்படித்தான் தேடினோம். கோப்புப் பக்கங்களை யார் எல்லாம் எண்ணுகிறார்கள்? அந்த எண்ணிக்கையை நம்பி யார் முடிவெடுக்கிறார்கள்? பக்கம் ஒதுக்கும் கோப்பில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மீட்பு தோற்றால் மறுபடி முயல்வதா, ஓஓஎம் கில்லரை அழைப்பதா என்று தீர்மானிப்பது அதுதான். தம்பி அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. அந்தப் பகுதி இரண்டு கேள்வி கேட்கிறது. தொடர்ந்து 16 சுற்றுக்கு மேல் எதுவுமே கிடைக்காமல் போனதா? மீட்கத் தகுந்த பக்கங்களை எல்லாம் மீட்டால் தேவை தீருமா? இரண்டாவது கேள்விக்கான கணக்கில் கோப்புப் பக்கங்கள் எல்லாமே சேர்கின்றன, தம்பி தொடக்கூடாது என்று காத்துவைத்த பக்கங்களும் சேர்த்து. ஒரு கை "இதைத் தொடாதே" என்கிறது, மறு கை "அங்கே நிறைய இருக்கிறது, மறுபடி முயற்சி செய்" என்கிறது.

முதல் கேள்வியில் இன்னும் பெரிய சிக்கல். கொஞ்சமேனும் கிடைத்துவிட்டால் அந்தச் சுற்று எண் மீண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடும். கோப்புப் பக்கங்களை மூடிவிட்டாலும், கர்னல் தன் சிறுபொருள்களுக்காக வைத்திருக்கும் ஸ்லாப் நினைவகத்திலிருந்து ஓரிரு பக்கம் அவ்வப்போது கிடைத்துக்கொண்டிருக்கும். அதையும் முன்னேற்றம் என்றே கர்னல் எண்ணுகிறது. பதினைந்து சுற்று வெறுங்கை, பதினாறாவதில் ஒரு பக்கம், மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஓஓஎம் கில்லர் வரவே வராது. உறைதலைத் தீர்க்க எழுதிய பேட்ச், உறைதலை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிடும். இந்த முறை கார்டு விளக்குக்கூட மின்னாது.

தம்பி இதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் நியாயம் இருந்தது. கருவிக்கு வேண்டுமென்றே சுமை ஏற்றும் ஸ்ட்ரெஸ்-என்ஜி நிரலை வைத்து அவன் இரண்டு இரவு சோதித்திருந்தான்; எல்லா முறையும் ஓஓஎம் கில்லர் சரியாக வந்திருந்தது. ஆனால் அந்தச் சோதனை தரவுப் பக்கங்களை மட்டும் வேகமாக விழுங்குவது. கடையில் நடப்பது அதுவல்ல. அங்கே ஆயிரக்கணக்கான பழைய பில் கோப்புகள் இருக்கும் அடைவை அறிக்கை நிரல் அடிக்கடி புரட்டுகிறது. அப்போது கோப்புப் பெயர்களையும் விவரங்களையும் நினைவில் வைக்க ஸ்லாப் வளர்கிறது. சோதனையுடன் அந்தப் புரட்டலையும் சேர்த்து ஓட்டினோம். கருவி உறைந்தது. தம்பி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோதனை எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டிருக்கிறது அண்ணே" என்றான். சரிபார்ப்பில் நான் கேட்ட மிக நேர்மையான சொல் அது.

திருத்த முடியாதா என்றால் முடியும். காத்துவைத்த பக்கங்களை மீட்கத் தகுந்த கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை வேறு சில இடங்களும் நம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்லாபின் ஓரிரு பக்கத்தை முன்னேற்றமாக எண்ணாமல் இருக்க வேண்டும் என்றால், அது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நடத்தையில் கை வைப்பது. 38 வரி மூன்று கோப்புகளுக்கு வளரும். அதோடு சுமந்து செல்லும் செலவும் இருக்கிறது. 5.16 முதல் நினைவகப் பகுதி பக்கம் என்ற அலகிலிருந்து ஃபோலியோ என்ற அலகுக்குப் படிப்படியாக மாறிக்கொண்டிருக்கிறது. இன்று 5.15-க்கு எழுதும் பேட்ச் நாளை புதிய கர்னலில் அப்படியே ஒட்டாது. மறுபடி எழுத வேண்டும், மறுபடி ஒன்பது நாள் பார்க்க வேண்டும்.

இனி 6.6. இந்தப் பாதையில் இருப்பது, நெடுநேரம் பயன்படாத பக்கங்களை முதலில் எறியும் பலதலைமுறை எல்ஆர்யு என்ற ஏற்பாடு. முதன்மைக் கர்னலில் 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் சேர்ந்தது. பழைய முறை பக்கங்களைப் பயன்பாட்டில் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு வரிசையாகப் பிரித்தது. புதியது அவற்றை வயதின்படி நான்கு தலைமுறை வரை பிரிக்கிறது. எங்களுக்கு வேண்டிய பொருள் அதில் ஒரே ஓர் எண்: கடைசி இத்தனை மில்லிநொடிக்குள் பயன்பட்ட பக்கங்களை எறியாதே, அவற்றை வைத்துக்கொள்ள இடம் போதவில்லையென்றால் ஓஓஎம் கில்லரை அழை. கர்னலின் சொந்த ஆவணமே 1000 என்ற எண் பெரும்பாலும் தாங்க முடியாத திணறலைப் போக்கும் என்கிறது.

தம்பியின் பேட்சும் இதுவும் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு சாலைகள் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்ச் "எவ்வளவு" என்று கேட்கிறது. இது "எப்போது" என்று கேட்கிறது. எவ்வளவு என்ற எண் பில் நிரலின் ஒவ்வொரு பதிப்புக்கும் மாறும். இன்று 60 எம்பி போதும், அடுத்த ஆண்டு எழுத்துருவும் படங்களும் கூடினால் போதாது. யார் அதைத் திருத்துவது? கல்லாவில் நிற்பவருக்கு ஒரு நொடித் தாமதம் பொறுக்கும், அரை நிமிடம் பொறுக்காது என்பது எந்தப் பதிப்பிலும் மாறாது. அளவை மனிதர் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதோடு, எறிய மறுக்கும் இடமும் ஓஓஎம் கில்லரை அழைக்கும் முடிவும் சேர்த்து யோசிக்கப்பட்டிருக்கின்றன. தம்பியின் பேட்சில் அறுந்து கிடந்த நூல் இங்கே கட்டப்பட்டிருக்கிறது. ஒன்பது நாள் பேட்சைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த வேறுபாட்டின் மதிப்பு எனக்குப் புரிந்திருக்காது.

இதன் விலை டிரைவர்கள், அதாவது கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் கர்னல் இயக்க உதவும் நிரல்கள். எங்கள் கருவியின் தொடுதிரைக்கும் வெப்ப அச்சுப்பொறிக்கும் டிரைவர்கள் முதன்மைக் கர்னலுக்கு வெளியே இருப்பவை, 5.15-க்கு எழுதப்பட்டவை. திரை டிரைவர் தன் நினைவகத்தை நிரலுக்குக் காட்டும்போது, அந்த நினைவகப் பரப்பின் கொடிகளை நேரடியாக மாற்றுகிறது. 6.3 முதல் அப்படி நேரடியாக எழுத முடியாது. அதற்கென்று இருக்கும் செயற்கூறுகள் வழியாகத்தான் மாற்ற வேண்டும். கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடும். இதுவரை நான் பட்ட கர்னல் தொல்லைகளில் இதை மட்டும் வரவேற்கிறேன், ஏனென்றால் கடையில் உறைவதைவிட மேசையில் தோற்பது மேல். ஆனால் அச்சுப்பொறி டிரைவர் எங்களுக்குப் பாதிதான் புரியும். கருவி தயாரித்தவர்களிடம் கேட்டால் புதிய கருவியை வாங்கச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் இரண்டு டிரைவரையும் மாற்றி, எல்லாக் கடையிலும் சோதித்து, தீபாவளிக்கு முன் அனுப்புவது என்பது எங்கள் நான்கு பேரால் ஆகாத வேலை. தீபாவளி வாரத்தில் கர்னல் மாற்றி அச்சு வராமல் போனால், உறைதலைவிட அது மோசம்.

எஞ்சியிருப்பது கர்னலைத் தொடாத வழி, விரைவில் சொல்லி முடியக்கூடியது. ஸ்ராம் என்பது நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். முதன்மைக் கர்னலில் 2014-இல் 3.14 பதிப்பிலிருந்து இருக்கிறது, எங்கள் 5.15-இலும் உண்டு. தரவுப் பக்கங்களுக்கு நகர ஓர் இடம் கிடைப்பதால் சுமை முழுவதும் கோப்புப் பக்கங்கள் மீது விழுவது நிற்கிறது, அதாவது நோயின் மூலத்தையே தொடுகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற சுருக்கத்தைத்தான் கர்னல் ஆவணம் எதிர்பார்க்கிறது. பில் நிரலின் தரவு பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் என்பதால் நன்றாகவே சுருங்குகிறது. தரவுப் பக்கங்களை எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்கு அனுப்பலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் எண்ணை, கர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். ஸ்ராம் போன்ற வேகமான ஸ்வாப்புக்கு 100-க்கு மேல் வைப்பதில் பொருள் உண்டு. கூடவே, 4.20-இல் வந்த பிஎஸ்ஐ அழுத்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு காவல் நிரல். நினைவகத்துக்காக நிரல்கள் காத்திருக்கும் நேரம் எல்லை தாண்டினால், கர்னலுக்கு முன்பே அது ஒரு நிரலை நிறுத்தும். அந்தக் காவல் நிரலின் பக்கங்களை நினைவகத்தில் பூட்டிவைக்க மறக்கக்கூடாது. மறந்தால் வெள்ளம் வரும்போது காவலரே முதலில் அடித்துச் செல்லப்படுவார்.

குறை இல்லாமல் இல்லை. சுருக்கிய பக்கத்தை வைக்கவும் நினைவகம் வேண்டும். மிக மோசமான நெருக்கடியில் அது திணறும். ஸ்ராம் எல்லையைத் தள்ளிவைக்கிறது, எல்லையை நீக்குவதில்லை.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்தபோது ஒன்று தெளிவானது. எந்த வழியில் போனாலும் கடைசியில் ஏதோ ஒரு நிரல் சாகத்தான் வேண்டும். யார் சாவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதை இதுவரை செய்யவே இல்லை. ஓஓஎம் கில்லருக்கான சார்பு எண்ணை ஒவ்வொரு நிரலுக்கும் -1000 முதல் +1000 வரை வைக்கலாம். பில் நிரலுக்கு -900 வைத்தோம், அறிக்கை முன்னோட்டத்துக்கு +500. பாதி பில்லில் கருவி நிற்பதைவிட, அறிக்கை மூடிக்கொண்டு மறுபடி திறப்பதை எந்தக் கடைக்காரரும் பொறுத்துக்கொள்வார். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

ஸ்ராமையும் காவல் நிரலையும் ஆவணிக்குள் எல்லாக் கருவிகளிலும் வைத்துவிட்டோம். தம்பியின் பேட்சை ஏற்கவில்லை. ஏற்காததற்கான காரணத்தை, அந்த மறுமுயற்சிப் பகுதியையும் ஸ்லாப் சோதனையையும் சேர்த்து, நிரல் களஞ்சியத்திலேயே எழுதிவைத்தோம். அடுத்து வருபவர் இதே 38 வரியை மறுபடி எழுதாமல் இருக்க. 6.6-க்குப் போவதை தை முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு என்று தள்ளிவைத்தோம். உங்கள் கருவிக்குக் கர்னல் மாற்றவே வழியில்லை, ஸ்லாப் வளரும்படியான கோப்புப் புரட்டலும் இல்லை என்றால், உச்சவரம்பும் சரியான பக்கக் கணக்கும் சேர்த்த தரைமட்டப் பேட்ச் உங்களுக்குப் பொருந்தலாம். புதிதாகக் கருவி தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்: டிரைவர்கள் முதன்மைக் கர்னலிலேயே இருக்கும் கருவியை வாங்குங்கள், பலதலைமுறை எல்ஆர்யுவை இயக்குங்கள், 1000 என்று எழுதுங்கள்.

தீபாவளி வாரத்தில் இரண்டு கடைகளில் காவல் நிரல் அறிக்கை முன்னோட்டத்தை நிறுத்தியதாகப் பதிவில் இருக்கிறது. பில் நிற்கவில்லை. திரை டிரைவரைத் தம்பி 6.6-க்கு மாற்றிவிட்டான். அச்சுப்பொறி டிரைவரை இருவரும் தினமும் மாலையில் உட்கார்ந்து, மாறாத வரிகளையும் சேர்த்து, முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.